எட்டு மூட்டைத் தலைவரின் சறுக்கோட்டம்

கிட்ட வாருங்கள், என் கண்ணுகளே. கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். குளிருகிறவர்களுக்கு சோபாவில் போர்வை கிடக்கிறது. ஒரு கதை சொல்லப் போகிறேன். உங்களுக்குத் தெரிந்த யாரையாவது இதில் கண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

மனித நாகரிகம் மூன்று பெரும் பாய்ச்சல்களில் வளர்ந்தது. முதலாவது நெருப்பு. இரண்டாவது சக்கரம். மூன்றாவது, கனடாவில் விட்பி நகரத்தில் வசிக்கும் றெமிஜியஸ் தமது ஐம்பத்தெட்டாவது வயதில் அந்தச் சக்கரத்தைச் சற்றே சாய்த்து வைக்க எடுத்த முடிவு.

றெமிஜியஸ் லேசுப்பட்ட ஆள் அல்லர். காலையில் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடி வார்ப்பவர். மூன்று மணிக்கு வீடு திரும்பிவிடுபவர். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய மாணவர் ஒன்றியத்தின் ‘நலவாழ்வு உபகுழு’வுக்குத் தலைவர். ‘சோறு துறப்போம்’ இயக்கத்தைத் தொடக்கியவரும் அவரே. இருநூற்றுப் பத்து றாத்தலாக இருந்த தாம் ஒரே வருடத்தில் நூற்று அறுபதுக்கு இறங்கிவிட்டதாக மேடையில் அறிவித்தார். சனம் கை தட்டியது. அந்தச் சூட்டில், “இனி நூற்று எண்பதைத் தாண்டினால் அந்த நிமிடமே பதவி துறப்பேன்” என்றும் சொல்லிவைத்தார். மைக் கையில் இருக்கும்போது மனிதனுக்கு வருகிற தைரியம் அது.

வயிறு மட்டும் அந்த அறிவிப்பைக் கேள்விப்படாதது போல முன்னால் நின்றது. ஆனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மற்ற எட்டு உறுப்பினர்களும் தத்தம் எடையை இப்படித்தான் அறிவித்திருந்தார்கள். ஒருவர் எடையை மற்றவர் விசாரிப்பதில்லை என்பது உபகுழுவின் எழுதாத யாப்பு விதி.

சித்திரை மாதக் கூட்டம் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் நடந்தது. அகவணக்கம், வரவேற்புரை எல்லாம் முடிந்து தலைமையுரை வந்தது.

“சோறு விட்டவனாலை என்ன செய்யேலும் எண்டு சனத்துக்குக் காட்டோணும்,” என்றார் றெமிஜியஸ். “நான் காரைச் சறுக்கி ஓட்டப் போறன்.”

செயலாளர் செல்வரட்ணம் பேனையை நிறுத்தினார். “ஸ்னோவிலையோ, தலைவர்?”

“ஸ்னோவிலை எல்லாரும் சறுக்கிறதுதானே. இது வெயிலிலை. வேணுமெண்டு.”

“வேணுமெண்டோ?”

“ஓம். பின்சில்லை வழுக்க விட்டு, முன்சில்லை மற்றப் பக்கம் திருப்பி, வட்டமாச் சுத்துறது. டிறிஃப்ற் எண்டு சொல்லுறவை.”

“அறிக்கையிலை இங்கிலீசு போடேலாது, அண்ணை.”

அதற்குத் தமிழ் காண ஒரு மணித்தியாலமும் இரண்டு தட்டு றோல்ஸும் செலவாயின. ‘சறுக்கோட்டம்’ என்ற சொல் ஏகமனதாக நிறைவேறியது. எந்தக் கார், யார் பழக்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. சொல் கிடைத்துவிட்டதே, இனி என்ன?

கார், வேலைத்தல நண்பரிடம் வாங்கிய இரண்டு கதவுக் கிழடு. பின்சில்லால் ஓடுவது. முன்னைய சொந்தக்காரர் வடிவுக்காக அதைத் தாழ்த்திவிட்டிருந்தார். காரின் வயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையில் மூன்று விரல் போகும்.

“இஞ்சேருங்கோ, உதுக்குள்ளை ஏறுறதெண்டா நான் முழங்காலிலை நிண்டு செபிச்சுத்தான் ஏறோணும்,” என்றார் மனைவி கிளடிஸ். அவருக்கு முதியோர் இல்லமொன்றில் பின்னேர வேலை. இரண்டு மணிக்குப் புறப்பட்டுவிடுவார்.

ஆகவே தினமும் மூன்றிலிருந்து ஐந்து வரை றெமிஜியஸ் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு ‘சஸ்பென்சன் ஆராய்ச்சி’ நடத்தினார். கதவிடுக்கால் சில நாட்களில் ஆவி வந்தது. ஆராய்ச்சி என்றால் சூடு இருக்கத்தானே செய்யும். ஒருநாள் சுட்டுவிரலில் பெரிய கட்டுடன் கூட்டத்துக்கு வந்தார்.

“ஸ்பிரிங் உதைச்சுப்போட்டுது,” என்றார்.

உபகுழு எழுந்து நின்றது. ‘தலைவரின் தொழில்நுட்ப விழுப்புண்’ என்று செல்வரட்ணம் பதிந்துகொண்டார்.

ஆராய்ச்சி அந்த அளவில் நிற்க, காரை வெக்ஸ்போர்ட்டில் துர்க்காவின் கராஜுக்குக் கொண்டுபோனார்கள். துர்க்காவுக்கு முப்பது வயது. சஸ்பென்சனைத் தவிர வேறெதிலும் கை வைக்காத மெக்கானிக்.

“அங்கிள், திஸ் இஸ் டூ லோ. பார்க்கத்தான் வடிவு. ஸ்ரியரிங்கை முழுக்கத் திருப்பினா ரயர் மட்காட்டிலை உரசும்.”

இரண்டு நாள் வேலை. ஸ்பிரிங்கின் அடியிலிருந்த வளையத்தைத் திருகி காரைக் கொஞ்சம் உயர்த்தினாள். முன்சில்லு இரண்டின் தலையையும் உள்ளே சரித்தாள், மூக்கை ஒரு துளி வெளியே விட்டாள். கடைசியாக நாலு சில்லுக்கும் கீழே நாலு தராசு வைத்தாள். நாலும் சேர்ந்து, சுவரில் இருந்த பெரிய திரையில் எண்களைக் காட்டின.

“இப்ப நீங்கள் ஏறி இருங்கோ, அங்கிள்.”

“ஏன் பிள்ளை?”

“ஓடுற ஆளின்ரை வெயிற்றோடைதானே செற் பண்ணோணும். நீங்கள் ஏறேக்கை கார் எவ்வளவு இறங்குது எண்டு பார்த்து, ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவிலை அஞ்சு மில்லிமீற்றர் விடுவன்.”

“என்ரை வெயிற்றும் அந்த ஸ்கிறீனிலை வருமோ?”

“அச்சொட்டா வரும்.”

பக்கத்தில் செல்வரட்ணம் குறிப்பேட்டைத் திறந்து, பேனை மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். றெமிஜியஸுக்குப் பதவி, மாலை, மேடை எல்லாம் அந்தத் திரையில் ஒருமுறை ஓடி மறைந்தன.

“முதுகு பிடிச்சிருக்கு, பிள்ளை. எனக்குப் பதிலா வேறை ஏதும் பாரம் வைக்கேலாதோ?”

“வைக்கலாம். எவ்வளவு நீங்கள்?”

“நூத்தறுபது.”

துர்க்கா அவரைத் தலையிலிருந்து பார்க்கத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டாள். “ஷுவரோ?”

“உபகுழு அறிக்கையிலை இருக்கு,” என்றார் செல்வரட்ணம். “இருபது றாத்தல் அரிசி மூட்டை எட்டு வைச்சாச் சரிதானே?”

பக்கத்துத் தமிழ்க் கடையில் இரண்டு வண்டிலில் எட்டு மூட்டையையும் தள்ளிக்கொண்டு போனபோது, காசு வாங்கும் பெண் வாயில் கை வைத்தாள். “அண்ணை, சோறு விடச் சொல்லிப் பேசினது நீங்களெல்லே? எட்டு மூட்டையோ?”

“இது சாப்பிட இல்லைத் தங்கச்சி,” என்றார் றெமிஜியஸ், மிகுந்த கண்ணியத்துடன். “இது நான்.”

இப்படியாக, ‘சோறு துறப்போம்’ தலைவரின் இருக்கையில் எட்டு மூட்டை அரிசி பெல்ற் போட்டு அமர்ந்தது. துர்க்கா அளந்தாள், திருகினாள், அஞ்சு மில்லிமீற்றர் விட்டாள். உலகில் அதைவிடத் துல்லியமாக ஒரு கார் எட்டு மூட்டை அரிசிக்காகத் தயாரானதில்லை.

ஆனி மாதச் சனிக்கிழமை. ரொறன்ரோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில், கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில் புதியவர்களுக்கான சறுக்கோட்ட நாள். உபகுழு பதாகையுடன் வந்தது. கிளடிஸ் லீவு போட்டுச் செபமாலையுடன் வந்தார். துர்க்கா அங்கே கார்களைப் பரிசோதிக்கும் தொண்டராக நின்றாள். செல்வரட்ணத்தின் வான் வண்டியில் அந்த எட்டு மூட்டையும், உணவு வங்கிக்கென்று சேர்த்த இன்னும் சில மூட்டைகளும் இருந்தன.

தலைவர் தலைக்கவசம் மாட்டினார். ஏறினார். கார் ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. பாதை நடுவில் வைத்திருந்த கூம்பை நோக்கி ஓடி, ஸ்ரியரிங்கை வெட்டி, பின்சில்லை விட்டார். அரை வட்டம் வந்தது. வந்ததுதான்! அடுத்த கணம் ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம், றப்பர் கருகும் மணம். கார் நின்றுவிட்டது. மூன்று தரம் முயன்றும் அதேதான்.

“காத்து எதிராலை அடிக்குது,” என்றார் செல்வரட்ணம்.

துர்க்கா தார்த் தரையில் படுத்து ரோச் அடித்துப் பார்த்தாள். “செற்றிங் பிழைக்கேல்லை. ஆனா உரசுது. அங்கிள், இறங்குங்கோ.” அவர் இறங்க, கார் எழும்பியது. துர்க்கா காரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “அந்த அரிசியைக் கொண்டுவாங்கோ.”

எட்டு மூட்டையை இருக்கையில் அடுக்கி, ஸ்ரியரிங்கை முழுக்கத் திருப்பினாள். அஞ்சு மில்லிமீற்றர் அப்படியே இருந்தது. ஒரு மூட்டை கூட்டினாள்.

“ஒன்பது!” என்றது கூட்டம். இடைவெளி குறைந்தது.

“பத்து!” ஒரு தாள் மட்டும் போகும்.

இன்னொரு மூட்டையைப் பிரித்து, பாதியை வாளியில் கொட்டிவிட்டு மிச்சத்தை வைத்தாள். ரயர் போய் மட்காட்டின் கறுத்த தழும்பில் சரியாகப் பொருந்தியது.

“பத்தரை,” என்றாள் துர்க்கா. “இருநூத்திப்பத்து றாத்தல். அங்கிள், மிச்ச ரண்டரை மூட்டை எங்கை?”

செல்வரட்ணத்தின் பேனை அந்தரத்தில் நின்றது. றெமிஜியஸ் தலைக்கவசத்தைக் கழற்றினார். தமது வயிற்றைப் பார்த்தார்.

“இஞ்சை,” என்று தட்டிக் காட்டினார். “எல்லாம் பத்திரமா உள்ளுக்கை வைச்சிருக்கிறன், பிள்ளை. கராஜிலை பழைய ரயருக்குப் பின்னாலை ஒரு றைஸ் குக்கரும் இருக்கு.”

கிளடிஸ் மெல்ல வந்து அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “அப்ப, அரிசி வாளிக்குள்ளை நான் வைச்ச எலிப்பொறியிலை அம்பிட்டது…?”

“நான்தான்.”

“எலி விழாமலே மூடிக் கிடக்குது, பொறி சரியில்லை எண்டு கடைக்காரனோடை சண்டை பிடிச்சுக் காசைத் திருப்பி வாங்கினனான்!” கிளடிஸுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. “சோறு வேணுமெண்டாக் கேக்கிறதுதானே? ஒரு கரண்டி தராமல் விடுவனோ?”

துர்க்கா பத்தரை மூட்டையையும் வைத்துக்கொண்டே வளையத்தை நாலு சுற்றுத் திருகினாள். “உண்மையைச் சொல்லியிருந்தா கராஜிலையே முடிஞ்சிருக்கும், அங்கிள்.”

பிறகு மூட்டைகளை இறக்கிவிட்டு றெமிஜியஸ் ஏறி, கூம்பைச் சுற்றி ஒரு முழு வட்டம் சறுக்கினார். புகையும் வட்டமாகவே எழுந்தது. உரசவில்லை. கிளடிஸ் செபமாலையைச் சுழற்றி ஆரவாரித்தார். கார் நின்றதும் றெமிஜியஸ் இறங்கி, பதாகைக்கு முன்னால் வந்தார்.

“நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். பதவியை விடுறன். அடுத்த தலைவர் ஆரா இருந்தாலும் எனக்கு ஓம். ஒரேயொரு நிபந்தனை. அவர் அறிவிச்ச வெயிற்றுக்கு மூட்டையை வைச்சுத் துர்க்கா செற் பண்ணட்டும். பிறகு அவர் இந்தச் சீற்றிலை வந்து இருக்கட்டும். உரசுதோ எண்டு பாப்பம்.”

எட்டு உறுப்பினர்களில் ஒருவருக்கு அவசரமாகத் தொலைபேசி வந்தது. அது அடித்ததை யாரும் கேட்கவில்லை. இருவர் வானத்தில் மழை தேடினார்கள். ஒருவர் கையிலிருந்த றோல்ஸை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மற்றவர்கள் பதாகையைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

“தலைவர்,” என்றார் செல்வரட்ணம், சட்டையைத் தம் வயிற்றின்மேல் இழுத்து விட்டுக்கொண்டு, “பிழை உங்களிலை இல்லை. கார் சின்னன்.”

பதவி விலகல் ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது. அறிக்கையில் இப்படிப் பதிவாயிற்று: ‘சறுக்கோட்டம் பெருவெற்றி. வாகனத்தின் எடை சிறிது கூடுதலாக இருந்தமை அவதானிக்கப்பட்டது. தலைவர் தொடர்வார்.’

அன்றைக்கு அந்த ஓடுபாதைக்குத் தன் எடையை நெற்றியில் அச்சடித்துக்கொண்டு வந்தது அரிசி மூட்டை மட்டுந்தான். அதையல்லவா தலைவராக்கியிருக்க வேண்டும்!

சரி, எழும்புங்கள் செல்லங்களே. என் எடையை ஒருவரும் கேட்கவேண்டாம். நானும் உங்களுடையதைக் கேட்கவில்லை. உங்கள் வீட்டு அரிசி வாளி ஒருநாளும் அடி தெரியாதிருக்கட்டும். அதற்குள் போகிற விரலெல்லாம் காயமில்லாமல் திரும்பட்டும். வாய் விட்டுக் கேட்கிற மனிதரும், கேட்குமுன்னே ஒரு கரண்டி கூடப் போடுகிற கையும் உங்கள் மேசையில் நெடுங்காலம் ஒன்றாயிருக்கட்டும்.