மறுக்கா சாரும் முதலாளி விரலும்

மறுக்கா சார் மாதிரி ஒரு கிறுக்கனை மதுரை ஜில்லா அதுவரைக்கும் பார்த்ததில்ல. கம்ப்யூட்டர் ஆளு. ஒருக்கா நடந்தது ரெண்டாந்தடவையும் நடக்குமான்னு அவருக்குப் பார்த்தே ஆகணும். டீ மாஸ்டர் ஆத்தி முடிச்சா "மறுக்கா". நான் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணினா, அணைக்கச் சொல்லிட்டு "மறுக்கா".

எண்பதுகளோட கடைசி. எங்க ஏலக்காய்க் கடைக்கு முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினாரு. பில்லு போடுற புரோகிராமை மறுக்கா சார் மதுரையில வேற மிஷின்ல எழுதிக் கொண்டாந்தாரு. தப்பா அடிச்சா டெலீட் பட்டனை அமுக்கணும். அந்த ஒரு வரி மட்டும் அழியும்.

முதலாளி யாரையும் நம்ப மாட்டாரு. தானே உக்காந்து அடிச்சாரு. ஒரு காலத்துல போடிமெட்டு ரோட்டுல ஜீப்பு ஓட்டினவரு. வளைவுக்கு வளைவு ஹாரனை ரெண்டு தட்டு தட்டிப் பழகின கை. பட்டனையும் ரெண்டு தட்டு தட்டினாரு. புரோகிராமே செத்துப்போச்சு. காலையில இருந்து அடிச்சதெல்லாம் காலி.

"என்னய்யா சோலி பார்த்திருக்க? சாயங்காலம் லோடு கெளம்பணும். பில்லு வரலைன்னா நீயும் மிஷினும் மதுரைக்கு நடையைக் கட்டுங்க."

மறுக்கா சாருக்கு வேர்த்துருச்சு. கொஞ்ச நேரம் தலையைச் சொறிஞ்சாரு. அப்புறம் எங்கிட்ட வந்தாரு.

"அண்ணே, ரெண்டு மிஷினும் யூனிக்ஸ்தான். வேற வேற கம்பெனி வளர்ப்பு. பட்டனை அமுக்கினா ஒரு சிக்னல் போகும். அதைப் பிடிக்க உள்ள ஒரு காவக்காரனை வச்சிருக்கேன். மதுரை மிஷின்ல எத்தனை வந்தாலும் பிடிப்பான். இங்க ஒண்ணைப் பிடிச்சதும் வேலையை விட்டுப் போயிர்றான். ரெண்டாவது நேரா உள்ள போயி ஆளைக் கொல்லுது."

"சம்பளம் பத்தலையோ?"

"பிடிச்ச உடனே மறுபடி உக்காருன்னு எழுதிட்டேன்ணே. அவன் எந்திரிச்சு உக்கார்றதுக்குள்ள அடுத்த தட்டு விழுந்தா சாவுதான். முதலாளி விரல் அம்புட்டு வெரசு."

மத்தியானம் முதலாளி மறுபடி அடிச்சாரு. கடைசிப் பில்லுல தப்பு. ஒரு தட்டு தட்டினாரு. ரெண்டாவது விழுறதுக்குள்ள மறுக்கா சார் பாஞ்சு விரலைப் பிடிச்சுட்டாரு.

"விடுய்யா! கட்டின பொண்டாட்டி கூட கடையில வச்சு என் கையைப் பிடிச்சதில்ல!"

"மறுக்கா வேணாம் முதலாளி!"

அவரு வாயில அப்படி ஒரு வார்த்தை. கடையே வாயடைச்சு நின்னுச்சு. பில்லெல்லாம் வெளிய வர்ற வரைக்கும் பிடியை விடல. லோடு கெளம்பிருச்சு.

முதலாளி விரலைத் தடவிக்கிட்டே சொன்னாரு. "மிஷினு இருக்கட்டும். இந்தாளு இருக்கக் கூடாது."

"பில்லு வந்துருச்சுல்லண்ணே," ன்னு சிரிச்சாரு மனுசன். பையை எடுத்துக்கிட்டாரு.

மதுரை பஸ்சுல அன்னிக்கு ஏக கூட்டம். ஓடிப்போயி சன்னல் வழியா என் துண்டைப் போட்டு இடம் பிடிச்சேன். நான் அப்படி வேற யாருக்கும் போட்டதில்ல.