கலெக்டர் இன்னும் சாப்பிடவில்லை

“என்னக்கா, கலெக்டர் இன்னைக்கும் சாப்பிடலையா?”

வாடிப்பட்டி போகும் பஸ் ஆரப்பாளையத்தை விட்டு அப்போதுதான் நகர்ந்துகொண்டிருந்தது. முத்துப்பாண்டி போனில் இப்படிக் கேட்டதும் முன் சீட்டில் இரண்டு தலைகள் திரும்பின.

“மோந்துகூடப் பாக்கலையா? கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டாரா? நீ ஒண்ணும் பேசாத. நான் வந்து பேசிக்கிறேன்.”

பக்கத்து சீட்டுக்காரர் மரியாதையாக ஒடுங்கி இடம் விட்டார். “சார் கலெக்டர் ஆபீஸுங்களா?”

“இல்லண்ணே. செல்லூர்ல தறி மெக்கானிக்கு. கலெக்டருங்கிறது எங்க அக்கா வீட்டு நாய்க்குட்டி.”

விட்ட இடத்தை அவர் உடனே திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஒரு நாய்க்குட்டி சாப்பிடாததற்கு ஒரு மெக்கானிக் ஏன் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும் என்று கேட்பீர்கள். அது வெறும் நாய்க்குட்டி இல்லை ஐயா, தாய்மாமன் சீர்! மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அக்கா பாண்டிச்செல்விக்கு அப்பா அம்மா இல்லை. தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது தம்பி ஒருத்தன்தான். அந்தத் தம்பியோ வருடத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வருவான். கரும்பையும் பையையும் வைப்பான். அடுப்பில் காப்பி கொதிப்பதற்குள் “தறி நிக்குதுக்கா, வாரேன்” என்று அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவான். “என் தம்பி கை வைக்காம செல்லூர்ல ஒரு தறி ஓடாது, அம்புட்டு வேலை அவனுக்கு” என்று அவள் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

போன மாதம் அவள் மகள் பவதாரிணிக்குக் காதுகுத்து. மாமன் மடியில் உட்கார்ந்துதான் குத்த வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை கறாராகப் பேரம் பேசிவிட்டது. “நாய்க்குட்டி வாங்கித் தந்தாத்தான் உக்காருவேன்.”

வாங்கினான். எப்படி வாங்கினான்! கொட்டு மேளம் முன்னே போக, இருபத்தொரு தட்டு சீர் பின்னே வர, இருபத்தொன்றாவது தட்டில் மாலை போட்டுக்கொண்டு நாய்க்குட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கும் பின்னால் ஒருவர் தலையில் டாக் ஃபுட் மூட்டை. மண்டப வாசலில் வைத்த ஃப்ளெக்ஸில் முத்துப்பாண்டி கூலிங் கிளாஸோடு கும்பிட்டுக்கொண்டிருக்க, அவன் தோள் பக்கம் நாய்க்குட்டியும் சிரித்தது. போதாததற்கு மைக்கையும் வாங்கிவிட்டான்.

“இது சோறு, குழம்புன்னு கண்டதையும் தொடாது. இந்த டாக் ஃபுட் மட்டுந்தான் திங்கும். டாக்டரே சொல்லிட்டாரு!”

பாண்டிச்செல்வி அன்று நிமிர்த்திய தலையை இறக்கவே இல்லை. ‘கலெக்டரா வரணும்’ என்று வந்தவர்களெல்லாம் பவதாரிணியை வாழ்த்தினார்கள். பிள்ளை அந்தப் பட்டத்தை அப்படியே தூக்கி நாய்க்குட்டிக்குக் கொடுத்துவிட்டது.

நான்காம் நாள் அக்கா புருஷன் ராஜபாண்டியிடமிருந்து போன் வந்தது.

“மாப்ள, உன் சீரு பட்டினி கிடக்கு.”

‘நாய்க்குட்டி’ என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பான். ‘உன் சீரு’ என்றதில் முத்துப்பாண்டிக்குச் சுருக்கென்றது. ஓடிக்கொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினான்.

முதல் நாள் டாக் ஃபுட்டை வெந்நீரில் ஊற வைத்தான். கலெக்டர் வெந்நீரை மட்டும் நக்கிக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது.

“தறியா இருந்தா எண்ணெய் பத்தலைன்னு அர்த்தம்” என்று மறுநாள் முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்தான். கலெக்டர் ஒவ்வொரு உருண்டையாக எடுத்து முட்டையை நக்கித் துடைத்து, கழுவியது போல் தட்டிலேயே திரும்ப வைத்தது. எண்ணிப் பார்த்தால் ஒன்றுகூடக் குறைந்திருக்காது.

“உங்க டவுன் டாக் ஃபுட்டு நல்லாத்தான் வெளுத்துருக்கு மாப்ள” என்றார் ராஜபாண்டி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

மூன்றாம் நாள் கையில் வைத்து ஊட்டினான். கலெக்டர் உருண்டையை விட்டுவிட்டு விரலைப் பிடித்தது.

“நீ தின்னு காமி மாப்ள, அது பாத்துப் பழகட்டும்” என்று ராஜபாண்டி எடுத்துக் கொடுத்தார். ரோஷக்காரனுக்கு அது போதாதா? முத்துப்பாண்டி ஒரு உருண்டையை வாயில் போட்டுக் கடித்தான்.

“நல்லாத்தான் இருக்கு மச்சான். காரம் இல்லாத முறுக்கு.”

கலெக்டர் பழகவில்லை. பவதாரிணி பழகிவிட்டது. ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, “மாமா, இன்னும்” என்றது. பாண்டிச்செல்வி ஓடி வந்து பிள்ளை வாயைத் தோண்டினாள்.

“நாய்க்குக் கொண்டுவந்த சீரைப் பிள்ளை திங்குது. பிள்ளைக்குக் கொண்டுவந்த லட்டை நாய்க்குப் போட்டுருவமா?” என்று கேட்டுவிட்டு ராஜபாண்டி சிரித்த சிரிப்பு மூன்று வீடு தாண்டிக் கேட்டது. இந்த மனுஷன்தான் ஏதோ உள்வேலை பார்க்கிறார் என்று முத்துப்பாண்டிக்கு அன்றே ஒரு சந்தேகம் விழுந்தது.

இப்படியே தினமும் சாயங்காலம் பஸ் ஏறி வந்தான். வந்தவனைப் பாண்டிச்செல்வி வெறும் வயிற்றோடு அனுப்பவில்லை. ஒருநாள் பணியாரம், ஒருநாள் ஆட்டுக்கால் சாறு, ஒருநாள் கருவாட்டுக் குழம்பு. “அது திங்கிறப்பத் திங்கட்டும், நீ தின்னுடா” என்று தட்டை நிரப்பிக்கொண்டே இருப்பாள். அவனும் நாய்க்குட்டிக்குக் காவல் இருந்த நேரத்தில் அதையெல்லாம் காலி செய்தான். இரண்டு வாரத்தில் அவன் பேன்ட் பட்டன் தெறித்தது.

திரும்பிப் போகும்போது பஸ் ஸ்டாப்பில் கறிக்கடை பேயாண்டி தவறாமல் கேட்பார். “என்ன தம்பி, இன்னைக்காச்சும் வாய் வச்சுச்சா?”

“நாளைக்கு வச்சிரும்ணே.”

“வைக்கும், வைக்கும்” என்று பேயாண்டி கத்தியைத் தீட்டுவார்.

பதினாறாம் நாள் அந்த அதிசயம் நடந்தது. டாக் ஃபுட் வைத்துவிட்டுக் கை கழுவப் போய் வந்தால், தட்டு பளபளவென்று காலி! கலெக்டர் பக்கத்தில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். நம் ஆள் நேரே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனான். மறுநாள் காலையில் தெருமுனையில் பத்துக்கு எட்டு அளவில் ஒன்று நின்றது. ‘தாய்மாமன் சீரை மகிழ்ந்து உண்ட எங்கள் கலெக்டரே! வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்! இவண்: செல்லூர் முத்துப்பாண்டி.’

சாயங்காலம் தெருவே கூடிவிட்டது. “எங்க, திங்கச் சொல்லு பாப்பம்!” முத்துப்பாண்டி மீசையைத் தடவிக்கொண்டு தட்டை வைத்தான். கலெக்டர் தட்டைப் பார்த்தது, கூட்டத்தைப் பார்த்தது, திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து ராஜபாண்டியின் சேவல் கூரையிலிருந்து குதித்து வந்து, சொந்த வீட்டு விருந்து போல டாக் ஃபுட்டை மடமடவென்று கொத்தித் தின்றது. முந்தின நாள் தட்டைக் காலி செய்தது யார் என்பது தெரு முழுக்கத் தெரிந்துபோனது.

“அப்ப ஃப்ளெக்ஸுல சேவல் படத்தப் போடுங்கப்பா!” என்று யாரோ கத்தினார்கள்.

ராஜபாண்டிக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. அவர் வீட்டு வாசலிலும் அல்லவா சிரிக்கிறார்கள்! “மாப்ள, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பம். அதுக்குள்ள திங்கலைன்னா நீயே தூக்கிட்டுப் போயிரு. வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்ட பாவம் என் வீட்டுக்கு வேணாம்.”

சீரைத் திருப்பி அனுப்புவது! பவதாரிணி அழுததைக்கூட முத்துப்பாண்டியால் தாங்க முடிந்தது. இந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலமும் கலெக்டர் தட்டைத் தொடவில்லை. முத்துப்பாண்டி அக்கா வைத்த பணியாரத்தைத் தொடவில்லை.

“சாப்பிடுடா.”

“எப்படிக்கா இறங்கும்? மேளம் கொட்டிக் கொண்டாந்த சீரை நாளைக்குக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு பஸ் ஏறணும். அதுக்கப்புறம் செல்லூர்ல எந்த முகத்தோட நடப்பேன்? உன் வாசலுக்குத்தான் எந்த முகத்தோட வருவேன்?”

பாண்டிச்செல்வி கலெக்டரையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து அடுப்படிக்குள் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடியும் தெரு கூடியது. கக்கத்தில் இடுக்கிப் போக ஒரு கூடையையும் ராஜபாண்டி தயாராக எடுத்து வைத்திருந்தார். சேவலை வேறொரு கூடையால் கவிழ்த்து மூடியிருந்ததால் அந்தப் பயம் மட்டும் இல்லை.

முத்துப்பாண்டி டாக் ஃபுட்டை வைத்தான். வெந்நீர் இல்லை, முட்டை இல்லை. வெறும் உருண்டை. கலெக்டர் அடுப்படியைப் பார்த்து ஒரு முறை குரைத்தது. பாண்டிச்செல்வியின் காலடிக்குப் போய்ச் சேலையை மோந்து பார்த்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பி வந்தது. ஒரு உருண்டையை வாயில் எடுத்தது. கறுக்!

இன்னொன்று. கறுக், முறுக்! அப்புறம் தலையைத் தட்டுக்குள் விட்ட கலெக்டர், தட்டைத் தள்ளிக்கொண்டே வாசல் வரைக்கும் போய்த்தான் நிமிர்ந்தது.

தெரு விசிலடித்தது. பவதாரிணி மாமன் தோளில் ஏறிக் குதித்தது. ராஜபாண்டி எழுந்து வந்து, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முத்துப்பாண்டிக்குப் போர்த்திவிட்டார். “மாப்ள, ஒத்துக்கிறேன்யா. சீருன்னா சீரு, இதுதான் சீரு!”

அந்த நிமிடம் முத்துப்பாண்டியின் நெஞ்சு இருந்த அளவுக்கு எந்தச் சட்டையும் தைத்திருக்க முடியாது. “நான் கை வச்சு ஓடாத தறி கிடையாது மச்சான்” என்றான். அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணை மட்டும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். சந்தோஷம் தாங்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டான்.

“அப்ப நான் கிளம்புறேன்க்கா. இருபது நாளா அம்புட்டுத் தறியும் நிக்குது. இனிதான் கவலையில்லையே, பொங்கலுக்கு வாரேன்.”

“கறி எடுத்துக் கொழம்பு வச்சிருக்கேன்டா. ஒரு வாய் தின்னுட்டுப் போ.”

“பஸ்ஸு வந்துரும்க்கா.”

பஸ் ஸ்டாப்பில் பேயாண்டி கடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். முத்துப்பாண்டி துண்டை எடுக்காமல், தூரத்திலிருந்தே கையை உயர்த்தினான்.

“தின்னுருச்சுண்ணே! ஒரு உருண்டை விடாமத் தின்னுருச்சு!”

“தெரியும் தம்பி. காலையிலயே தெரியும்.”

“எப்படிண்ணே?”

பேயாண்டி கத்தியைத் துடைத்து வைத்தார். “சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருந்துச்சு. இனிமே சொன்னா என்ன? உன் சீரு ஒருநாளும் பட்டினி கிடக்கல. தினம் காலையில உங்க அக்கா என்கிட்ட ஈரல் வாங்கிட்டுப் போயி, நீ பஸ்ஸு இறங்கறதுக்கு முன்னாடி அவிச்சுப் போட்டுரும். இன்னைக்கு உனக்குக் கறி எடுத்துச்சு, ஈரல் மட்டும் வேணாம்னுருச்சு.”

முத்துப்பாண்டி தோளில் கிடந்த துண்டை உருவி எடுத்தான். மச்சானைச் சந்தேகப்பட்டோமே, கூடப்பிறந்தவளே இப்படிச் செய்வாளா? இருபது நாள் தெருவே சிரித்ததே! பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார். அவன் ஏறவில்லை.

“அது எதுக்குண்ணே எங்க அக்கா அப்படிச் செய்யணும்?”

“நானும் அதைத்தான் கேட்டேன் தம்பி. ‘நாய்க்குட்டி தின்னுருச்சுன்னா என் தம்பி வாரத நிப்பாட்டிருவாண்ணே, ஆனா திங்கலைன்னா அவன் தலை குனியணும்; அவன் வராட்டியும் பரவாயில்ல, நிமிந்து நடக்கட்டும்’னு சொல்லிட்டு அழுதுக்கிட்டே போச்சு.”