கலவை அறையில் பஞ்சசீலம்

வெடிபொருள் உரிமத்தின் நிபந்தனைப்படி, மருந்து கலக்கும் அறையின் வாசலில் இரண்டு விவரங்கள் எழுதியிருக்க வேண்டும்: உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம். கூடவே இந்திய-சீன ஒப்பந்தத்தையும் எழுதலாம் என்று எந்த விதியிலும் இல்லை. விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிச் சுவரில் அது இருந்தது. எழுதியவர் அங்கே ஃபோர்மேன். சொந்தப் பெயரை எல்லோரும் மறந்து, பஞ்சசீலம் என்றே கூப்பிட்டார்கள். அவரைவிடப் பயந்த மனிதர் இந்தப் பூமியில் பிறந்ததில்லை.

நான் அப்போது விருதுநகரில் வெடிபொருள் உரிமக் கோப்புகளைப் பார்த்த குமாஸ்தா. முதல் தணிக்கைக்குப் போன அன்று பஞ்சசீலம் என் அதிகாரியையே வாசலில் மறித்தார்.

"பூட்ஸைக் கழட்டுங்க. அடியிலே ஆணி இருக்கு."

"நான் யார் தெரியுமா?"

"தெரியும்யா. மருந்துக்குத் தெரியாதே."

அதிகாரி வெறுங்காலோடு தணிக்கை செய்தார்.

அந்தக் கம்பெனியில் ஓர் அறையில் குளோரேட், தள்ளி இன்னோர் அறையில் கந்தகம். இரண்டும் சேர்ந்தால் தீக்குச்சி வேண்டாம், ஓர் உரசல் போதும். இதை வேலையாட்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று பஞ்சசீலம் தூங்காமல் தவித்த காலத்தில்தான், ஐம்பத்துநாலில், டீக்கடைப் பத்திரிகையில் இந்திய-சீனப் பஞ்சசீல ஒப்பந்தத்தின் ஐந்து கொள்கைகள் வந்தன. எல்லையை மதி, ஆக்கிரமிக்காதே, அடுத்தவன் விவகாரத்தில் தலையிடாதே என்று படித்ததும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டதாம். டில்லியில் யாரோ ஒருவருக்குப் பட்டாசுத் தொழில் தெரிந்திருக்கிறது என்று நினைத்தார். மறுநாளே தாரைக் காய்ச்சிச் சுவரில் எழுதிவிட்டார்.

"ஏலே, குளோரேட்டு ரஷ்யா, கந்தகம் அமெரிக்கா. தனித்தனியா ரெண்டு பேரும் தங்கமான ஆளுக. ஒரே சட்டியிலே சேர்ந்தா உலகமே இருக்காது."

"அப்ப நாம யாரு அண்ணாச்சி?" என்று கேட்டாள் செல்லத்தாயி. குளோரேட் சலிப்பவள், வாய்த்துடுக்குக்காரி.

"நாமதான் நடுவுல நிக்கிற சுவரு."

"அம்புட்டு நேரம் நின்னா சுவத்துக்கு இடுப்பு வலிக்குமே?"

செல்லத்தாயியின் மெட்டி கல்தரையில் உரசும் என்று அவர் பயந்தார். கழற்ற மாட்டேன் என்றாள் அவள். பேச்சுவார்த்தை மூன்று நாள் நடந்தது. மெட்டி இருக்கலாம், அதன்மேல் ஈரத்துணி சுற்ற வேண்டும் என்று உடன்பாடானது. ஐந்தாவது கொள்கையான சமாதான சகவாழ்வுக்கு அவர் சொன்ன விளக்கம் சின்னது: "காலையிலே எத்தனை பேர் வந்தோமோ, சாயங்காலம் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகணும்."

சூயஸ் கால்வாயில் சண்டை என்றதும் தரையெல்லாம் தண்ணீர் தெளித்துவிட்டு, பாதி நாளில் வேலையை நிறுத்தினார். முதலாளி குதித்தார். "அது எங்கனயோ எகிப்துலே ஓய்!" "இங்கன வர எம்புட்டு நேரமாகும் முதலாளி?" என்று நடுங்கினார் இவர். ஆனாலும் எட்டு வருஷத்தில் அந்தக் கம்பெனியில் ஒரு விரல்கூடப் போகவில்லை. பக்கத்துக் கம்பெனிகளின் விபத்துக் கோப்புகளைக் கட்டிவைத்தவன் நான். எனக்குத் தெரியும்.

அறுபத்திரண்டு அக்டோபரில் சீனப்படை எல்லை தாண்டியது. மூன்றாம் நாளே எங்கள் ஆபீசுக்குப் பெயர் போடாத மனு ஒன்று வந்தது: எதிரி நாட்டு ஒப்பந்தத்தை வெடிமருந்து அறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதிகாரிக்குப் பூட்ஸ் ஞாபகம் வந்தது. "இன்றைக்கே போய் அழித்துவிட்டு வாரும்" என்று உத்தரவைக் கையில் கொடுத்தார்.

நான் போனபோது தீபாவளிக்குச் சில நாளே இருந்தது, கடைசி நேர ஆர்டர் குவிந்திருந்தது. கந்தக அறை மாரியப்பன் தன் சல்லடையோடு குளோரேட் அறைக்குள் நுழையப் பார்த்தான். அங்கிருந்த சல்லடை கிழிந்துவிட்டதாம். வாசலில் பஞ்சசீலம் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"விடுங்க அண்ணாச்சி. சீனாக்காரனே தாண்டிட்டான். நான் தாண்டினா என்ன?"

"தாண்டினா அவனுக்கு மலை கிடைக்கும்லே. நீ தாண்டினா உன் வீட்டுக்காரிக்கு நீயே கிடைக்க மாட்டே!"

மாரியப்பன் சிரித்தான். கந்தகத் தூள் ஒட்டிய சல்லடை வாசற்படிக்கு ஒரு முழத்தில் இருந்தது. நான் ஓரடி பின்வாங்கினேன்.

உள்ளேயிருந்து செல்லத்தாயி கத்தினாள்: "சுவத்துல எழுத்து இன்னும் இருக்குல்லா? அது இருக்கிற வரைக்கும் சட்டம்தாம்லே. திரும்பிப் போ!"

அவன் சுவரைப் பார்த்தான். முணுமுணுத்துக்கொண்டே திரும்பினான்.

பஞ்சசீலம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் உத்தரவை நீட்டினேன். படித்துவிட்டு, "அழிச்சா நாளைக்கே தாண்டிருவானுக அய்யா. இத்தனை பேரும் சாயங்காலம் வீட்டுக்குப் போகணுமே..." என்றார்.

சுவரைத் தொடாமலே பஸ்ஸில் திரும்பும்போது விதிகளை மனசுக்குள் புரட்டினேன். உரிமம் பெற்ற கட்டடத்தில் முன் அனுமதியின்றி எந்த மாற்றமும் செய்யக்கூடாது. சுவரை அழிப்பதும் மாற்றம்தான். அதிலும் இந்திய அரசு கையெழுத்திட்ட வாசகத்தை ஒரு கிளை ஆபீஸ் அழிக்கலாமா? டில்லி மேலிடத்துக்கு எழுதிக் கேட்போம், பதில் வரும்வரை உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று குறிப்பு எழுதி நீட்டினேன். டில்லி என்ற சொல்லைப் பார்த்ததும் அதிகாரி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்கும் பயம்தான்.

அதன்பின் மாதாமாதம், சம்பளத்துக்கு மறுநாள், பஞ்சசீலம் எங்கள் ஆபீஸ் ஜன்னலில் வந்து நிற்பார்.

"பதில் வந்திருச்சாய்யா?"

"வரலை அண்ணாச்சி."

"நல்லது." அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்.

பாகிஸ்தான் சண்டை வந்தபோதும் வந்து கேட்டார். தாஷ்கண்டில் சமாதானம் ஆனபோதும் கேட்டார். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்குப் போய்த் தபாலை நானே வாங்கிக்கொள்வேன். அறுபத்தெட்டில் அவர் பத்து விரலோடு வேலையிலிருந்து நின்றார். கடைசியாகக் கேட்டபோதும் வரலை என்றுதான் சொன்னேன்.

இப்போது அவரும் இல்லை, அந்தச் சுவரும் இல்லை. ஓய்வு பெற்ற என்மேல் நடவடிக்கை எடுக்கவும் விதியில் இடமில்லை. ஆகவே சொல்லலாம். சுவரை உடனே அழிக்கச் சொல்லி மேலிடத்துப் பதில் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது, 1963-ஆம் வருஷம், பொங்கல் லீவு முடிந்த மறுநாள்.