இங்கிதம் அறிந்த பக்கம்

"நாலாவது சாப்டர்ல கணக்கே இல்லையே" என்றார் பேராசிரியை.

பெரியப்பாவின் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவருடைய ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயத்தில் கணக்கைத் தவிர வேறு எதுவுமே கிடையாது. அந்தச் சமன்பாடுகளுக்குத்தான் அவர் மூன்று வருடமும் முன்மண்டை முடியும் கொடுத்திருந்தார்.

"இருக்கு மேடம். பக்கம் பக்கமா ஈக்வேஷன்தான்."

"எனக்கு வந்ததுல இல்ல. 'விரிவான விளக்கம் வேறிடத்தில்'னு ஒரு வரி இருக்கு. அதோட சரி. மாசக் கடைசிக்குள்ள ஒழுங்கா வரணும். வராட்டி என்னால கையெழுத்துப் போட முடியாது."

மாசக் கடைசி இருவருக்குமே கடைசிதான். அன்றோடு பேராசிரியை ஓய்வு பெறுகிறார். அன்றோடு பெரியப்பாவின் ஆய்வுப் பதிவும் காலாவதியாகிறது. நடுவில் நெறியாளர் மாறினால் தலைப்பு, குழு, ஒப்புதல் எல்லாம் முதலிலிருந்து. அதற்கு அவருக்கு வயதும் இல்லை, அவருடைய மனைவிக்குப் பொறுமையும் இல்லை.

பெரியப்பா என்பது உறவுமுறை அல்ல, ஆய்வகம் கொடுத்த பதவி. எட்டு வருடத்துக்கு முன் சேர்ந்தபோது அவரும் தம்பியாகத்தான் இருந்தார். கூடச் சேர்ந்தவர்கள் முனைவர் ஆனார்கள், வேலைக்குப் போனார்கள், ஓரிருவர் அந்த வேலையை இழந்தும் விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் அவரை அண்ணா என்றார்கள். அவர்களுக்கும் பின்னால் வந்தவர்கள் பெரியப்பா என்றார்கள். செய்தி எப்படியோ வீடு வரை போய், மனைவியும் தொலைபேசியில், "பெரியப்பா இன்னிக்காவது சாப்பிட வருவாரா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள்.

அவர் செய்தது, வாசிப்பவரைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் ஓர் இணையப் பக்கம். நீங்கள் எந்த வரியில் நின்று படிக்கிறீர்கள், எதைத் தள்ளிவிட்டுப் போகிறீர்கள், உட்கார்ந்திருக்கும் அறையில் வெளிச்சம் எவ்வளவு என்று சத்தமில்லாமல் கவனிக்கும். வேண்டியதை முன்னால் கொண்டு வரும், வேண்டாததைச் சுருக்கிக்கொள்ளும். அதற்கு இங்கிதம் என்று பெயர் வைத்திருந்தார்.

"உங்ககிட்ட இல்லாததை மெஷினுக்குச் சொல்லிக் குடுக்கறீங்களாக்கும்" என்றாள் மனைவி.

ஆய்வேட்டையே இங்கிதத்துக்குள் போட்டது ஒரு சந்தேகத்தால். அந்தக் காலத்தில் பேராசிரியைக்குக் கத்தரி என்று பெயர். கொடுத்த தாள் திரும்பி வரும்போது சிவப்பு மையில் குளித்து வரும். ஆனால் கடைசியாகக் கொடுத்த மூன்று பிரதிகளும் ஒரு கீறல் கூட இல்லாமல் வந்தன. பேராசிரியை அம்மா படிப்பதே இல்லை என்று பெரியப்பா முடிவு கட்டினார். இணையத்தில் போட்டுவிட்டால் படித்தாரா இல்லையா என்பதற்குப் பதிவு இருக்குமே. தயங்கித் தயங்கிக் கேட்டபோது பேராசிரியை உடனே ஒப்புக்கொண்டார். தாள்கட்டைத் தூக்க முடியவில்லை, வீட்டுக் கணினியில் வந்தால் வசதி என்றார்.

பதிவைப் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. தினமும் சாயங்காலம் பக்கம் திறக்கப்பட்டிருந்தது. நிதானமாக, வரி வரியாகப் படிக்கப்பட்டிருந்தது. சமன்பாடு வந்ததும் மட்டும் சர்ரென்று தாண்டல். நாலைந்து முறை பார்த்த இங்கிதம், இவருக்குக் கணக்கு ஆகாது என்று முடிவு செய்து, மூன்று வருட உழைப்பை ஒரு வரியாகச் சுருக்கி ஓரமாக வைத்துவிட்டது.

ஒரு கழித்தல் குறி விட்டுப்போனதற்காக ஒருவனை ஒரு வருடம் அலையவிட்ட கத்தரியா கணக்கைத் தாண்டுகிறார்? பெரியப்பாவுக்கு வயிறு எரிந்தது. ஓய்வு பெறப் போகிறவருக்கு அலட்சியம் என்று இளையவர்களிடம் சொல்லி ஆற்றிக்கொண்டார். இங்கிதத்தை நிறுத்திவிட்டுச் சாதாரணமாக அனுப்ப வேண்டியதுதானே என்று ஒருத்தி கேட்டாள். அது வாசகரை அறியும் என்பதுதான் ஆய்வின் முடிவுரை. சொந்த நெறியாளருக்கே நிறுத்தி வைத்தேன் என்று எப்படி எழுதுவது?

அதனால் சமன்பாடுகளை யாரும் சுருக்க முடியாதபடி பூட்டினார். மறுநாள் சாயங்காலம் வாசகர் வந்தார், முதல் சமன்பாட்டில் முட்டினார், பக்கத்தை மூடினார். அடுத்த நாளும் அப்படியே. இங்கிதம் யோசித்தது. வாசகரை விரட்டும் அத்தியாயத்தைத் தூக்கி நூற்பட்டியலுக்குப் பின்னால் போட்டது. அவர் விரும்பி நின்ற இடங்களை முன்னால் இழுத்தது. முதலில் நன்றியுரை, அதில் எட்டு வருடம் தனியாகச் சாப்பிட்ட மனைவிக்கு நன்றி சொல்லியிருந்தார். அடுத்து பின்னிணைப்பு, சோதனைக்கு வந்த சாமானியர்களின் அனுபவங்கள் அதில் இருந்தன.

அடுத்த சந்திப்பில் பேராசிரியை அறையில் விளக்கு எரியவில்லை. வழக்கம்போல அவருடைய கணவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் வானொலியில் செய்தி வாசித்தவர். இப்போது மனைவியின் பையைத் தூக்கிக்கொண்டு காரிலிருந்து அறைக்கும் அறையிலிருந்து காருக்கும் கூடவே நடப்பதுதான் வேலை. இளையவர்கள் அவருக்கு வைத்த பெயர் வால். மேடம் கையெழுத்துப் போடும் இடத்தில் கூட வால்தான் விரல் வைத்துக் காட்டும், மந்திரிகளுக்கே அந்த மரியாதை இல்லை என்று சிரிப்பார்கள்.

"செருப்பைத் தேய்ச்சுக்கிட்டே வராதேன்னு எத்தனை தடவை சொல்றது, உக்காரு" என்றார் பேராசிரியை, தலை நிமிராமல். பிறகு, "மின் கட்டணம் கட்டப் போய்ப் பக்கம் பக்கமா அலைஞ்சாரே ஒரு பெரியவர், கடைசியில கட்டினாரா இல்லையா?" என்றார்.

பெரியப்பாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கட்டினார் மேடம் என்று மட்டும் சொன்னார்.

"நல்லது. கணக்கு எங்க?"

மாசக் கடைசிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. உண்மையில் அம்மாவின் கண் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவது என்று பெரியப்பா தீர்மானித்தார். கணினியின் கேமரா வழியே வாசகரின் முகத்தைக் கவனிக்கும் ஒரு பகுதியை இங்கிதத்தில் சேர்த்தார். படம் எதுவும் சேமிக்காது, கணித்ததை மட்டும் சொல்லும். பக்கம் அனுமதி கேட்டது. எதிர்முனையில் "சரி" அழுத்தப்பட்டது.

கணிப்பு வந்தது. அறையில் வெளிச்சம் குறைவு. கண் திரையை விட்டு அகலவில்லை. உதடு ஓயாமல் அசைகிறது.

உதடு அசைந்தால் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் என்பது பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தபோது இங்கிதம் கற்றது. பூட்டிய சமன்பாடுகள் பின்னாலேயே கிடக்க, அது தன் வேலையைச் செய்தது. அன்று சாயங்காலமே தொலைபேசி அடித்தது.

"'ஒருவர் வந்தார். பக்கம் அவரைப் பார்த்தது. அவருக்குப் பிடித்ததைக் காட்டியது.' இதுவா நாலாவது சாப்டர்?" பேராசிரியையின் குரல் நிதானமாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?"

கடைசி நாள் காலையில் பெரியப்பா ஆய்வேட்டைத் தாளில் அச்சிட்டார். அலுவலகம் மாலையில் மூடிவிடும். பேராசிரியை அன்று துறைக்கு வரவில்லை. வீட்டுக்கே போவது என்று கிளம்பியவரை மனைவி வாசலில் நிறுத்தினாள். சண்டை போடாமல் கையெழுத்தை மட்டும் வாங்கி வரும்படியும், மற்ற கோபத்தை வீட்டுக்கு வந்து தன்னிடம் காட்டிக்கொள்ளும்படியும் சொன்னாள்.

வால்தான் கதவைத் திறந்தது. நட்டநடுப் பகலில் திரைச்சீலையெல்லாம் மூடியிருந்தது. மின்சாரம் இல்லை போல என்று பெரியப்பா நினைத்தார். ஆனால் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"வாசி" என்றார் பேராசிரியை.

"பிரிண்ட் கொண்டு வந்திருக்கேன். நீங்களே பாருங்க மேடம்."

"எழுதினவன் நீதானே. நாலாவது சாப்டர். வாசி, கேக்கறேன்."

நாற்பத்தோரு வயதில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நிறுத்தி வைத்து வாசிக்கச் சொல்கிறார். பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். சமன்பாட்டை வாய்விட்டு வாசிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மேலே இது, கீழே இது, அடைப்புக்குள் இது என்று நாக்குத் தள்ளியது. பேராசிரியை கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலிக் கையில் விரலால் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார்.

"நில்லு. எடைகளோட கூட்டுத்தொகை ஒண்ணைத் தாண்டாதுன்னு முன்னாடி சொன்னே. இங்க தாண்டுதே."

பெரியப்பா பார்த்தார். தாண்டித்தான் இருந்தது. ஒரு கழித்தல் குறி காணோம். மூன்று வருடம் அவர் கண்ணிலும் படவில்லை, சரிபார்த்த மற்ற யார் கண்ணிலும் படவில்லை. பேனாவை எடுத்துத் திருத்தினார்.

கடைசி வரி வரை கேட்டுவிட்டுப் பேராசிரியை சாய்ந்துகொண்டார். "இப்பக் கணக்கு இருக்கு. சரி, இத்தனை நாளா உன் இங்கிதம் என்னை உத்துப் பார்த்துச்சே, என்ன கண்டுபிடிச்சுது?"

பெரியப்பாவுக்கு இனி இழக்க ஒன்றுமில்லை. "உங்களுக்குக் கணக்குன்னா ஆகாது. வெளிச்சம் பிடிக்காது. கதை பிடிக்கும். எழுத்துக்கூட்டித்தான் படிப்பீங்க."

பேராசிரியை சிரித்தார். எட்டு வருடத்தில் அவர் சிரித்துப் பெரியப்பா கேட்டதில்லை. விடாமல், கண்ணோரம் ஈரமாகும் வரை சிரித்தார். வால் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து மனைவியின் கையில் கொடுத்து, தாளில் விரலை வைத்தது. கையெழுத்து விரலருகே தொடங்கி, அச்சிட்ட பெயரின் மேலேயே ஏறிப் போய் முடிந்தது.

வால் வாசற்கதவு வரை கூட வந்தது. தாள்கட்டு கைக்கு வந்துவிட்ட தைரியத்தில் பெரியப்பா அடக்கி வைத்ததைக் கொட்டினார். மேடம் ஒரே ஒரு தடவை நாலாவது அத்தியாயத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது, எட்டு வருடம் கூட இருந்தவனுக்கு அந்த மரியாதை கூடக் கிடையாதா என்று கேட்டார்.

கணவர் திரும்பி, உள்கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு செய்தி வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார்:

"அவளுக்குக் கண்ணு தெரியாமப் போயி ஒன்றரை வருஷமாச்சு தம்பி. வெளியில தெரிஞ்சா உன்னை வேற கைடுகிட்ட தள்ளிடுவாங்கன்னு மூச்சு விடலை. தினமும் படிச்சுக் காட்டினது நான்தான். எனக்குக் கணக்கு வராது."