அத்தை பிடித்த கதவு

எனக்கு ஆங்கிலம் பிரமாதமாக வரும் என்று இருபத்திரண்டு வயதில் ஒரு நம்பிக்கை இருந்தது. (இப்போது இல்லை. நிம்மதியாக இருக்கிறேன்.) அந்த நம்பிக்கையால் எங்கள் குடும்பம் மொத்தமாக ஏமாற இருந்த நேரத்தில் ஒரு வஞ்சிர மீன் வந்து காப்பாற்றியது.

எழுபதுகளின் தொடக்கம். அப்பாவுக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. அந்தக் காலத்தில் கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்பா பதிவு செய்தபோது நான் அரைக்கால் சட்டை போட்டிருந்தேன். வண்டி வந்து வாசலில் நின்றபோது பி.ஏ. முடித்திருந்தேன். தெருவே வந்து பார்த்தது. பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்பினோம். முதல் வலது திருப்பத்திலேயே பின்பக்கத்து இடது கதவு, 'இறங்கிக்கொள்ளுங்கள்' என்பதுபோல் அகலமாகத் திறந்துகொண்டது.

நிற்கும்போது அந்தக் கதவு பரம சாது. இடது பக்கம் திரும்பினாலும் சமர்த்தாக இருக்கும். வலது பக்கம் திரும்பினால் மட்டும் அதற்கு என்னவோ ஆகிவிடும்.

"நான் பாத்துக்கிடுதேன் அண்ணே" என்று அத்தை பொறுப்பேற்றுக்கொண்டாள். அத்தை அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டோடு இருந்தவள். எதையும் பிடித்தால் விடமாட்டாள். அன்றிலிருந்து அந்தக் கதவோரம் அவளுக்கு நிரந்தர இடம். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஊர்க்கதை பேசியபடியே வருவாள். அத்தை இல்லாமல் அப்பா வண்டியைத் தெருமுனைக்குக்கூட எடுப்பதில்லை.

வண்டி விற்ற இடத்துக்கு இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் மெக்கானிக் எங்களை உட்கார வைத்தே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கதவு தொறக்கலியே சார், நல்லாத்தானே கீது?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கதவு ஆள் பார்த்துத் திறக்கிறது என்று அம்மா முடிவு கட்டினாள்.

இதில் தவித்தது என் அக்கா வசந்தா. கே.கே. நகரில் மாமியார் வீட்டில் இருந்தாள். ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். "அந்தக் கதவு சரியாகாம எம்பொண்ணை அதுல ஏத்தமாட்டேன்" என்றாள் அம்மா. சரி, டாக்ஸியில் அழைத்து வரலாமே? "வாசல்ல கார நிறுத்தி வச்சுக்கிட்டு வாடகை வண்டியில கூட்டிட்டு வந்தா சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாக?" என்றார் அப்பா. நான் ஒவ்வொரு முறை சைக்கிளில் போய் நிற்கும்போதும் அக்கா வாசலுக்கு வந்து எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்ப்பாள். கார் இருக்காது. "எப்படா கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்பாள். வண்டிக்கான உத்தரவாதமோ ஆறு மாதம்தான். அதில் ஐந்து மாதம் அத்தை கையிலேயே கழிந்துவிட்டது.

அப்போதுதான் நான் களத்தில் குதித்தேன். கம்பெனிக்கு ஆங்கிலத்தில் புகார்க் கடிதம். மடியில் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று இரவு எழுதினேன். ஐந்து பக்கம். நீதி, நேர்மை, நுகர்வோரின் கண்ணீர், ஜனநாயகத்தின் எதிர்காலம் எல்லாம் அதில் வந்தன. ஒரு வாக்கியம் முதல் பக்கத்தில் கிளம்பி இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் நின்றது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் புரியாமல் பெருமையாக இருந்தார்.

உத்தரவாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். மெலிந்த, பொறுமையான மனிதர். அம்மா இட்லி வைத்தாள். காபி வந்தது.

"லெட்டர் எழுதினது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்று எழுந்து நின்றேன்.

"அடேயப்பா! ஆபீஸ்ல ஒருத்தர் விடாம படிச்சோம். இந்த மாதிரி இங்கிலீஷ் நாங்க பார்த்ததே இல்லை. வண்டியில என்ன குறைன்னு மட்டும்தான் அதுல இல்லை. அதைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

முதல் மூன்று வாக்கியங்கள் மட்டுமே என் காதில் விழுந்தன. நான் தரையிலிருந்து அரை அடி மேலே போய்விட்டேன்.

அப்பா கதவு விஷயத்தைச் சொன்னார். "ஓட்டிப் பாத்துரலாமே" என்றார் இன்ஜினியர். அப்பா ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் நானும், வழக்கம்போல் கதவோரம் அத்தையும். மயிலாப்பூர் குளத்தை வலமாகவே மூன்று சுற்றுச் சுற்றினோம். எத்தனை வலது திருப்பம்! கதவு அசையவில்லை. அத்தை சம்பந்தி வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள்.

சாந்தோம் பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி, இன்ஜினியர் ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். குறை எதுவும் காணப்படவில்லை, உரிமையாளருக்குத் திருப்தி. அடியில் கையெழுத்து வேண்டும்.

"வாசிச்சுப் பாத்தியாலே?" என்றார் அப்பா.

"நல்ல இங்கிலீஷ்ப்பா. போடுங்க" என்றேன் நான். (புகழ்ந்த மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?) அப்பா போட்டார். அவர் முகம் தொங்கிப்போனது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அக்காவை எதில் அழைத்து வருவது என்று யோசித்திருப்பார். ஆனால் என்ன தோல்வி வந்தாலும் வீடு தேடி வந்த மனிதரைச் சாப்பிடாமல் அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை.

"மத்தியானம் நம்ம வீட்டுலதான் சாப்பாடு. மீன் சாப்பிடுவீகல்லா?" என்றார். இன்ஜினியர் மறுத்தார். அப்பா விடவில்லை.

வண்டி பட்டினப்பாக்கம் போனது. அத்தை இறங்கி, மீன்காரம்மாவிடம் கால் மணி நேரம் வாதாடி, ஒரு முழு வஞ்சிரத்தை ஓலைப்பையில் வாங்கினாள். புதுக் காரில் மீன்தண்ணீர் சொட்டிவிடக் கூடாதே என்று பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு கையாலும்.

அப்பா வண்டியை வலது பக்கம் ஒடித்தார். கதவு படீரென்று திறந்தது. நான் பாய்ந்து அத்தையைப் பிடித்தேன். மீனைப் பிடிக்க ஆள் இல்லை. அது பையோடு பறந்து, ரோட்டில் சறுக்கி, தன்னை விற்ற கூடைக்குப் பக்கத்திலேயே போய் நின்றது.

"இன்னா நைனா, வாங்கின மீனை என்கிட்டயே திருப்பி வுட்றியா?" என்று மீன்காரம்மா எழுந்து வந்தாள். கதவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். "கூடையில மூடி இல்லாமலே என் மீனு விழாம கீது. காரு வச்சிக்கினு இப்டி விழவுட்றியே!"

இன்ஜினியர் இறங்கி வந்தார். கதவைப் பார்த்தார். கடைசியில் அத்தையைக் கேட்டார்: "அம்மா, இவ்வளவு நேரம் ஏன் திறக்கலை?"

"நான் பிடிச்சிருந்தேன்லா!" என்றாள் அத்தை, இதென்ன கேள்வி என்பதுபோல். "ஆறு மாசமா நான்தானே பிடிக்கேன். அந்த மெக்கானிக் ஓட்டினப்பவும் நான்தான் பிடிச்சேன். இல்லாட்டி தொறந்துருமே!"

ஆறு மாதமாக அந்தக் கையைத் தினமும் பார்த்தவன் நான். பி.ஏ. படித்தவன். ஐந்து பக்கம் எழுதியவன். இன்ஜினியர் படிவத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். பிறகு அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததுபோல் நடுரோட்டில் நின்று சிரித்தார். முதலில் அப்பா சேர்ந்துகொண்டார், அப்புறம் மீன்காரம்மா. நான் மீனைப் பொறுக்கப் போனேன்.

கழுவிச் சமைத்த அந்த மீனை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் வீட்டில் உட்கார்ந்தே அவர் புது அறிக்கை எழுதினார். எண்ணி நான்கே வரி. அந்த வாரமே கதவுக்குப் பூட்டும் கீலும் புதிதாக மாற்றித் தந்தார்கள். வெள்ளிக்கிழமை அக்காவை அழைத்து வந்தோம். அவள் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தபோது கார் நின்றது. அழுதுவிட்டாள். நானும்தான். வழி முழுக்க, சரியாகிவிட்ட கதவை அத்தை அக்காவுக்குக் குறுக்கே கை நீட்டிப் பிடித்துக்கொண்டே வந்தாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றால், "அத்தை கையை எடுத்துட்டுச் சொல்லு" என்பார்கள். கல்யாணமான புதிதில் என் மனைவியிடம், 'இங்கே உனக்குச் சௌகரியமாக இருக்கிறதா' என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். "அத்தை கையை எடுத்துட்டுச் சொல்லு" என்றேன். விழித்தாள். கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, வீட்டில் இருந்த பதினொரு குறைகளை வரிசையாகச் சொன்னாள். பத்தாவது, நான் எழுதும் கடிதங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா வயிற்றில் எங்களோடு பயணம் செய்தவளுக்கு இப்போது சொந்தக் கார் இருக்கிறது. போன மாதம் ஏதோ சத்தம் வருகிறதென்று சர்வீஸுக்கு விட்டாள். கூட நாங்களும் இருந்தோம். ஒரு பையன் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பிரச்சினையும் இல்லை மேடம்" என்றான்.

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் கையை எடுங்க" என்றாள்.