ஜோதி தின்ற மாவிளக்கு

சஞ்சீவி மலைக்குக் கீழே ஒரு சாமியார் வந்து உட்கார்ந்திருக்கிறார், அவர் சாப்பிடுவதே இல்லை என்ற சேதி இராஜபாளையத்தில் காலையில் கிளம்பியது. மத்தியானத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போகிற வழியில் கொஞ்சம் சதையும் போட்டுக்கொண்டது. இராஜபாளையத்தில் 'சாப்பிடுவதில்லை' என்று இருந்தது, தேரடியில் 'தூங்குவதும் இல்லை' என்று ஆகி, சுந்தரபாண்டியத்துக்குப் போனபோது 'அவருக்கு நிழலே விழாது' என்று வளர்ந்துவிட்டது. சேதிக்கு மட்டும் விரதம் கிடையாது போலிருக்கிறது.

இரண்டே வாரத்தில் அவர் உட்கார்ந்திருந்த கண்மாய்க்கரை திருவிழாவாகிவிட்டது. வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பூக்காரி வந்தாள், பொரிகடலைக்காரன் வந்தான். சாப்பிடாத சாமியைப் பார்க்க வருகிறவர்கள் பசியாறுவதற்கென்று நாலு இட்லிக்கடைகளும் வந்தன. சாமியாருக்குப் பட்டினிச்சாமி என்று பெயர். நாற்பத்தொரு நாள் வெறும் தண்ணீர் குடித்து, ராத்திரி முழுக்கக் கண்விழித்திருந்து, சிவராத்திரியன்று விரதம் முடிப்பார். அவரோடு சேர்ந்து விரதமிருப்பவர்களுக்கும் கண்விழிப்பவர்களுக்கும் கேட்டது கிடைக்கும். முப்பது நாள் ஆகியிருந்தது. வந்த அன்று ஒட்டிக் கிடந்த கன்னம் இரண்டும் இப்போது உப்பிப் பளபளத்தன. தவத்தின் தேஜஸ் என்று பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தினம் ஒரு தெரு முறைவைத்து, பொழுது சாயும்போது பதினோரு மாவிளக்குக் கொண்டுவர வேண்டும். பச்சரிசி மாவில் கருப்பட்டி சேர்த்துப் பிசைந்து உருட்டி, நடுவில் குழித்து, நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுகிற விளக்கு அது. எந்தக் கோயிலிலும் திரி எரிந்து முடிந்ததும் அந்த மாவை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் பங்கு வைப்பார்கள். இங்கே அப்படிக் கிடையாது. மூன்றாம் சாமத்தில் தேவி நேரே வருவாள். சாமியாரைச் சுற்றித் திரை போட்டுவிடுவார்கள். பிரதான சீடன் ஆண்டிச்சாமி சங்கு ஊதுவான். உடனே எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே மணி அடித்த பிறகுதான் திறக்கலாம். நடுவில் திறந்தவன் கண் அவிந்துபோகும். மணி அடித்துத் திரை விலகினால், தாம்பாளம் கழுவிக் கவிழ்த்ததுபோல் இருக்கும். மாவிளக்கு ஜோதியில் கலந்துவிட்டது! கண்விழிக்க வந்த முந்நூறு பேரும், எப்போது கண்ணை மூடச் சொல்வார்கள் என்று ராத்திரி பூராவும் காத்திருந்தார்கள்.

மருத்துவச்சி பெத்தம்மாளுக்கு இந்த வேடிக்கைக்கெல்லாம் நேரமில்லை. அந்த வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள் அவள். ராத்திரி கண்விழிப்பு அவளுக்கு வாரத்துக்கு மூன்று நாள் உண்டு, அதற்கு யாரும் சங்கு ஊதியதில்லை. அன்று காலையில் வெள்ளத்தாய் வீட்டைத் தாண்டிப் போகும்போது, கார்த்திகையில் தான் எடுத்துப் போட்ட குழந்தையின் அழுகை மெலிந்து கேட்டதால் உள்ளே நுழைந்தாள்.

வெள்ளத்தாய் சுவரில் சாய்ந்து கிடந்தாள். உதடு வெடித்திருந்தது.

"ஏட்டி, பிள்ளைக்குப் பால் குடுக்கலையா?"

"பால் வத்திப்போச்சு அத்தை."

"வத்தாம என்ன செய்யும்? நீ என்ன சாப்பிட்ட?"

"துளசித் தண்ணி."

"அது இன்னைக்கு. நேத்து?"

"நேத்தும் அதான். ஆறு நாளாச்சு."

வெள்ளத்தாயின் புருசன் கண்ணுச்சாமி பட்டாளத்துக்காரன். சீனத்துச் சண்டைக்கென்று ஆடியில் வெள்ளைக்காரர்கள் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். தீபாவளிக்கு முன்னால் ஒரு காகிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பட்டினிச்சாமியிடம் போய் அழுதிருக்கிறாள். பதினோரு நாள் அன்னம் தொடாமல் கண்விழித்தால் புருசன் வந்துவிடுவான், நடுவில் ஒரு பருக்கை தொட்டாலும் அங்கே அவன் தலை உருளும் என்று சாமி சொல்லிவிட்டார்.

"காதுல கிடந்த தண்டட்டி எங்கட்டி?" என்று பெத்தம்மாள் கேட்டாள். வளர்த்த காது இரண்டும் வெறுமையாகத் தொங்கின.

"சாமி ஆசனத்துக்குக் கீழ இருக்கு. பொன்னு நம்ம மேல கிடந்தா விரதம் பலிக்காதாம்."

"அவர் குண்டிக்குக் கீழ கிடந்தா மட்டும் பலிக்குமாக்கும்!"

"அப்படிச் சொல்லாதீக அத்தை. சாமி குத்தம்."

பெத்தம்மாள் குழந்தையை வாங்கி மடியில் போட்டு, ஆட்டுப்பாலைக் காய்ச்சிப் பாலாடையில் புகட்டினாள். பாதி உள்ளே போனது, மீதியைக் குழந்தை கக்கிவிட்டது. தாய்ப்பால் சுரக்காவிட்டால் இது நாலு நாள்கூடத் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"வெள்ளத்தாயி, நான் சொல்றதைக் கேளு. தாது வருசப் பஞ்சத்துல எனக்குப் பதினஞ்சு வயசு. எங்க வீட்டுல ஏழு பேருல நான் ஒருத்திதான் மிஞ்சினேன். பட்டினின்னா என்னன்னு எனக்கு எந்தச் சாமியும் சொல்லித் தரவேண்டாம். நானும் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவதான். எதுக்கு? அன்னைக்கு என் பங்கு சோத்தை இல்லாத ஒருத்திக்குக் குடுக்கேன். என் வயிறு காயும்போது அவ வயிறு எனக்கு ஞாவகம் வரும். அதுதாண்டி விரதம். பிள்ளை வயித்தைக் காயப்போடச் சொல்ற சாமி எந்த ஊருச் சாமி?"

வெள்ளத்தாய் கண்ணீர் விட்டாள். ஆனால் பெத்தம்மாள் நீட்டிய கஞ்சியை வாங்கவில்லை. "நான் குடிச்சு, அங்க அவியளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா? அதுக்குப் பொறவு இந்தப் பிள்ளை மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

பெத்தம்மாள் கஞ்சிச் சட்டியை மூடி வைத்தாள். பயந்த மனசுக்குள் நியாயம் நுழையாது. பயம் காட்டியவன் கதை முடிந்தால்தான் இவள் வாய் திறக்கும் என்று நினைத்து எழுந்தாள்.

வாசலில் ஆண்டிச்சாமி எதிர்ப்பட்டான். பிரதான சீடன் என்று சொன்னேனே, அவனேதான். கண்ணுச்சாமிக்குக் கூடப்பிறந்த அண்ணன். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் சங்கு.

"பெத்தம்மா, இன்னைக்கு நம்ம தெரு முறை. வெள்ளத்தாயிக்கு மாவு இடிக்கத் தெம்பு இல்லை. நீங்க செத்த நேரம் ஒத்தாசை பண்ணுங்க. கருப்பட்டி நல்லாப் போடணும். நேத்து மேலத்தெருக்காரன் வெல்லத்தைப் போட்டுட்டான், தேவிக்குக் கோவம் வந்திருச்சு. ஏலக்காய் தூக்கலா இருக்கட்டும். தேங்காய்ப்பூவும் வேணுமாம்."

பெத்தம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எரியிற விளக்குக்கு ஏலக்காய் எதுக்குலே?"

"தேவிக்குப் பிடிக்குமாம்."

"பல்லுக்கு இதமா இருக்கும்னு தேங்காய்ப்பூவா? சரி, அம்புட்டும் நான் பாத்துக்கிறேன். நீ சங்கை மட்டும் நல்லா ஊது."

அங்கிருந்து அவள் நேரே போனது எண்ணெய் வியாபாரி சேக் முகைதீன் கடைக்கு.

"விளக்கெண்ணெய் கால்படி குடு முகைதீன்."

"கால்படியா? எங்க பேறுகாலம், அக்கா? இரட்டைப் பிள்ளையா?"

"இது பெரிய பிள்ளை. முப்பது நாளாக் குடல் கழுவாம இருக்கு."

முகைதீனுக்கு விளங்க வெகுநேரம் ஆகவில்லை. படியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "போன மாசம்தான் நாங்க முப்பது நோன்பு வச்சோம். ராத்திரி சாப்பிட்டுத்தான் வைக்கோம். அதுக்கே எனக்கு வேட்டி இடுப்புல நிக்கலை. இந்த மனுசன் ராத்திரியும் சாப்பிடாம தொந்தி வளர்த்திருக்காரே, எப்படின்னு எனக்கும் ஒரு யோசனைதான். ஆனா நான் கேட்டா வம்பாயிரும், பேசாம இருந்துட்டேன்."

"நீ ஒண்ணும் கேக்க வேண்டாம். காலையில தரிசனத்துக்கு வந்து, எனக்கு என்ன வித்தேன்னு மட்டும் சொல்லு. விளக்கு குடிச்சா வெளிச்சம் வரும். மனுசன் குடிச்சா வேற ஒண்ணு வரும். அம்புட்டுத்தான் சோதனை."

சாயந்தரம் பெத்தம்மாள் மாவு இடித்தாள். கருப்பட்டி போட்டாள். தேங்காய்ப்பூ போட்டாள். ஏலக்காயைச் சாமி கேட்டதற்கும் மேலேயே தட்டிப் போட்டாள். அந்த வாசனைக்குள் கால்படியும் சத்தமில்லாமல் இறங்கியது. மேலே பசுநெய். பதினோரு விளக்கும் ஏற்றியபோது ஜம்மென்று எரிந்தன. திரிக்கு விளக்கெண்ணெய் மேல் எந்த மனக்குறையும் இல்லை.

மூன்றாம் சாமத்தில் சங்கு ஊதியது. முந்நூறு பேர் கண்ணை இறுக்கிக்கொண்டார்கள். பெத்தம்மாள் மூடவில்லை. அவியவும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் திரையின்மேல் பெரிய நிழல் ஒன்று தெரிந்தது, நிழலே விழாத சாமியாருடையது. அதன் கை தாம்பாளத்துக்கும் வாய்க்கும் போய்ப் போய் வந்தது, தாடை ஏறி ஏறி இறங்கியது. எழுந்து கத்தலாமா என்று அவளுக்கு நாக்குத் துடித்தது. ஆனால் கண்ணை மூடியிருக்கும் முந்நூறு பேரிடம், கண்ணைத் திறந்த ஒருத்தி சொல்வது செல்லுமா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு விளக்காக அணைந்தது. மணி அடித்தது. திரையை விலக்கினார்கள்.

"ஜோதியில கலந்திருச்சு!" என்று ஆண்டிச்சாமி அலறினான். சனமும் அலறியது.

விடிந்தது. விடியற்காலைத் தரிசனம் விசேஷமானது. சூரியன் உச்சிக்கு வரும்வரை பட்டினிச்சாமி பத்மாசனத்தில் அசையாமல் இருப்பார், சனம் வரிசையாக விழுந்து கும்பிடும். மடியில் துவண்டு கிடந்த குழந்தையுடன் வெள்ளத்தாயும் முன்வரிசையில் இருந்தாள். பெத்தம்மாள் அவளைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் ஒரு சத்தம் கேட்டது. கடகடவென்று, வெறும் பானைக்குள் கல் உருண்டதுபோல்.

"தேவி சாமி வயித்துக்குள்ள பேசுறா!" என்றான் ஆண்டிச்சாமி. சனம் பரவசத்தோடு குப்புற விழுந்தது.

தேவி இன்னும் உரக்கப் பேசினாள். சாமியாரின் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. தேஜஸ் எல்லாம் இறங்கி முகம் வெளுத்தது.

"பக்தர்களே, யாம் இன்று சற்று ஏகாந்தமாக..." என்று ஆரம்பித்தார். வாக்கியத்தை முடிக்க வயிறு அவகாசம் தரவில்லை. பத்மாசனம் அவிழ்ந்தது. கமண்டலத்தை ஒரு கையாலும் காவியை மறு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஆத்தாடி! ஏலே, வழிய விடுங்கலே! வழிய விடுங்கலே!"

முப்பது நாளாகச் செந்தமிழைத் தவிர வேறொன்றும் பேசாத வாய் அது. கும்பிட்டு விழுந்து கிடந்தவர்களின் முதுகில் மிதித்து, கண்மாய்க்கரை கருவேலம் புதருக்குள் பாய்ந்தார். போன வேகத்தில் ஆசனத்து மான்தோல் புரண்டு, அதன் கீழே மஞ்சள் துணி மூட்டை ஒன்று பிரிந்தது. தண்டட்டி, மூக்குத்தி, கால்காப்பு எல்லாம் வெயிலில் மினுங்கின.

செத்த நேரம் கழித்துச் சாமியார் தள்ளாடித் திரும்பி வந்தார். "தவத்தின் உஷ்ணம்..." என்று முனகினார்.

பெத்தம்மாள் எழுந்து நின்றாள். "எனக்கு ஒரு சந்தேகம் சாமி. முப்பது நாளா ஒண்ணும் உள்ள போகாத வயித்துலருந்து, இம்புட்டும் எப்படி வெளிய வந்துச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவர், வாயை மூடிக்கொண்டு மறுபடி புதருக்கு ஓடினார். எத்தனையோ தர்க்கம் கேட்டிருக்கிறோம், எதிராளி இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டு பார்த்ததில்லை.

"மாவுல கால்படி விளக்கெண்ணெய் ஊத்துனது நான்தான்," என்று பெத்தம்மாள் சனத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஜோதி தின்னிருந்தா ஜோதிக்கு வயித்தால போயிருக்கணும். யாருக்குப் போகுதுன்னு நீங்களே பாருங்க. இப்பவாச்சும் கண்ணைத் திறந்து பாருங்க."

"நேத்து என் கடையில வாங்குனதுதான்," என்றான் முகைதீன். "முதல்தரச் சரக்கு, அதுக்கு நான் பொறுப்பு."

யாரோ ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு கண்மாய்க்கரையே சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் கோபம் வந்தது. முதுகில் மிதிபட்டவர்கள் புதரை நோக்கிக் கம்போடு கிளம்பினார்கள். பெத்தம்மாள் குறுக்கே நின்றாள்.

"அடிக்காதீக. உப்புப் போட்டு நீராகாரம் குடுங்க. இல்லன்னா நெசமாவே பட்டினிச்சாமியா ஆயிருவான், பொறவு அதுக்கும் ஒரு கோயில் கட்டுவீக."

மூட்டையிலிருந்து தண்டட்டியைத் தேடியெடுத்து வெள்ளத்தாயிடம் கொடுத்தாள். அவள் வாங்கவில்லை. அவள் ஒருத்திதான் அங்கே சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"அத்தை, இவன் சொன்னது அம்புட்டும் பொய்யின்னா... அவிய வருவாகன்னு சொன்னதும் பொய்தானா?"

ஆமாம் என்று சொல்லப் பெத்தம்மாளுக்கு மனம் இல்லை. வருவான் என்று ஆசை காட்டினால், புதருக்குள் இருப்பவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்?

"வருவானா மாட்டானான்னு எனக்குத் தெரியாதுட்டி. அவனுக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லி உன் கஞ்சியைப் பறிச்சான், அதுதான் அவன் பண்ணுன பாவம். வந்தா, பிள்ளை எங்கன்னுதான் கண்ணுச்சாமி முதல்ல கேப்பான். அதுக்கு நீ பதில் சொல்லணும். குடி."

இட்லிக்கடைக்காரி சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். வெள்ளத்தாய் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடாமல், ஒரே மூச்சில் குடித்தாள். பெத்தம்மாளுக்கு நேற்றுக் காலையிலிருந்து இருந்த பாரம் அப்போதுதான் நெஞ்சைவிட்டு இறங்கியது. அன்று பொழுது சாய்வதற்குள் குழந்தைக்கு இரண்டு வாய் பால் சுரந்தது, மறுநாள் வயிறு நிறையச் சுரந்தது.

இதோடு ஊருக்குப் புத்தி வந்தது என்று முடிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் மூன்றாம் நாளே ஆண்டிச்சாமி வண்டி பூட்டிக்கொண்டிருந்தான். கழுத்தில் அதே சங்கு. மடியில் புது மாலை.

"இவன் கள்ளன் பெத்தம்மா, நான் அப்பவே நினைச்சேன்," என்றான். "ஆனா பிளவக்கல் பக்கத்துல ஒருத்தர் வந்திருக்காராம். அவர் நெசமான சாமி. சாப்பாடு எல்லாம் நல்லாச் சாப்பிடுவாராம். ஆனா மூச்சே விடமாட்டாராம்!"

"நல்லதுலே, போயிட்டு வா," என்றாள் பெத்தம்மாள். "போனதும் அவர் மூக்கையும் வாயையும் சேத்துச் செத்த நேரம் பொத்திப் பிடி. அதுக்கும் அசையாம இருந்தா, பொறவு மாலையைப் போடு."