கூட்டணியும் குளத்துப் பாசியும்

பிற்பகல் மூன்றரை மணிக்கு அந்தச் செய்தி அறிவிப்புப் பலகையில் ஏறியது. சிறப்புப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கக் கடைசி நாள் இன்று இல்லையாம், இன்னும் ஒரு வாரம் இருக்கிறதாம்.

வாசகரே, இப்படி ஒரு செய்தியைக் கேட்டதும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் ஆகிவிடுகிற ஓர் இனம் உண்டு. ‘பார்க்கலாம்’ இனம்.

அந்த இனத்தின் அசல் வாரிசு ஒருவன் பலகைக்கு அடியிலேயே நின்றிருந்தான். அவன் படித்தது பல்துறை அறிவியல். முதல் இரண்டு வருடம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம், மூன்றாம் வருடம் ஏதாவது ஒன்று. அந்த ‘ஏதாவது ஒன்று’தான் அவன் தொண்டையில் முள். இயற்பியல்காரர்களோடு உட்கார்ந்து உயிரணுவின் அழகைப் பேசுவான். உயிரியல்காரர்களிடம் போய்க் கணக்கு இல்லாத அறிவியலும் ஓர் அறிவியலா என்பான். வேதியியலில் ஓர் அங்கியும் நிலவியலில் ஒரு சுத்தியலும் இரவல் வாங்கி வைத்திருந்தான். நாலு துறை ஆசிரியர்களும் ‘இவன் நம்ம பையன்’ என்று நம்பியிருந்தார்கள். வகுப்பு வைத்த பெயர், கூட்டணி. என்னதான்டா படிக்கிறாய் என்று அப்பா தொலைபேசியில் கேட்டால், எல்லாம்தான் என்பான். எதில் வேலை கிடைக்கும் என்றால், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்பான். பொய்யா? இல்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

ஊரெல்லாம் சிரித்தது. அவனுடைய ஆய்வகக் கூட்டாளியால்தான் சிரிக்க முடியவில்லை.

கல்லூரிக்குப் பின்னால் ஒரு குளம். கோடை வந்தால் பாசி பச்சையாகத் திரளும், மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கும். ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவளுடைய இரண்டு வருட ஆசை. சூழலியல் ஆசிரியை சம்மதித்திருந்தார், ஒரே நிபந்தனையோடு: ஒற்றை ஆளாகப் படகில் ஏற விடமாட்டேன், சூழலியலுக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் குளம். அவள் போட்டுவிட்டாள். அவனும் இன்றைக்குப் போடுவதாக இருந்தது. அந்த நேரத்தில்தானா பலகைக்குக் கருணை பிறக்க வேண்டும்?

“ஒரு வாரம் கிடைச்சிருக்கு,” என்றான் கூட்டணி. “அவசரப்பட வேணாம்.”

“ரெண்டு வருஷமா நீ எதுலடா அவசரப்பட்டே?”

“அதில்ல. எந்தச் சோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொண்ணு வேணும்ல? சூழலியல் எடுக்காத நான்னு ஒருத்தன் இருந்தாத்தானே, எடுத்த நான் நல்லா இருக்கேனான்னு தெரியும்.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எடுக்காத நீ என் கண்ணு முன்னாடியே நிக்கிறே,” என்றாள். “நல்லா இல்ல.”

கோபம் என்றால்கூடப் பரவாயில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு நேராகப் போய், கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவனைத் தட்டி எழுப்பி, நீந்தத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றான். கையெழுத்துப் போடுகிறாயா என்றாள். போட்டான். எதில் என்று அப்புறம்தான் கேட்டான். ஒரு பட்டப்படிப்பின் தலையெழுத்து இவ்வளவு சுலபமாகவும் தீரும் என்பதை அன்றுதான் அவள் அறிந்தாள்.

நம் ஆள் மறுவாரம், அலுவலகம் பூட்டப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தான். பேனாவைத் திறந்தான். மூடினான். நீங்களாக இருந்தால் எதை எடுப்பீர்கள் என்று எழுத்தரிடம் யோசனை கேட்டான்.

“நானா இருந்தா அஞ்சு மணி பஸ்ஸப் பிடிப்பேன் தம்பி,” என்று எழுந்தார் அவர்.

தேர்ந்தெடுக்காதவர்களுக்குக் காலி நாற்காலி எங்கேயோ அங்கே இடம். புள்ளியியலில் ஒன்று காலி. இரண்டே நாளில் கூட்டணி எல்லோருக்கும் விளக்க ஆரம்பித்துவிட்டான்: புள்ளியியல் எந்த அறிவியலுக்குள்ளும் நுழையும், ஆகவே ஒரு கதவும் மூடவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் குளக்கரைக்குப் போய் நின்று, படகைப் பார்த்துக் கையசைத்தான். அவள் திருப்பி அசைக்கவில்லை. கையில் துடுப்பு இருந்தது.

பாவம் என்று உச்சுக் கொட்டுகிறீர்கள். கொட்டுங்கள். ஆனால் உங்கள் கூடத்துச் சுவரில், எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று பார்ப்பதற்காக, நாலு வண்ணத்தில் நாலு கை அகலத்துக்குப் பூசிப் பார்த்தீர்களே. போன வருடம். அந்தச் சுவர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.